சிற்றளவுச் சாலை வண்டிகள்: வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிகளின் அமைப்பும் இயக்கமும்

சாலையில் ஓடும் லாரி, பேருந்து, கார் முதலியவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்து, கம்பித் தொடர்பு ஏதுமின்றி வானொலி அலைகளால் தொலைவிலிருந்து ஓட்டும் கலை, பொம்மைத் தொழிலுக்கும் நுண்பொறியியலுக்கும் இடைப்பட்ட தனித் துறையாக வளர்ந்துள்ளது. இத்துறையில் இரு கிளைகள் உண்டு. வேகத்தையே குறியாகக் கொண்டு, தோற்றத்தை இரண்டாம் நிலைக்குத் தள்ளும் பந்தய வண்டிகள் ஒரு கிளை. மூல வண்டியின் தோற்றம், நடை, விளக்கு, ஒலி ஆகியவற்றை இயன்றவரை அப்படியே காட்ட முயலும் அளவு மாதிரிகள் மற்றொன்று. இக்கட்டுரை இரண்டாம் கிளையை, குறிப்பாக ஜெர்மனியில் செழித்து வளர்ந்த 1:87 அளவு மாதிரிகளை எடுத்துக்கொண்டு, பெரிய அளவான 1:14 மாதிரிகளோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. வடிவத்தைச் சுருக்கினால் வண்டி சுருங்கிவிடுமா என்பதே இங்கு எழும் அடிப்படைக் கேள்வி. வடிவம் சுருங்கினாலும் புவியீர்ப்பும் உராய்வும் காலமும் அதனோடு சேர்ந்து சுருங்குவதில்லை. ஆகவே அளவு குறையக் குறைய மாதிரி என்பது நகலெடுக்கும் வேலையாக இல்லாமல், இயக்கத்தைப் புதிதாகப் படைக்கும் வேலையாகவே மாறுகிறது என்பதைக் கீழ்வரும் செய்திகள் காட்டும்.

வரலாற்றுப் பின்னணி

வானொலி அலையால் ஓர் ஊர்தியை இயக்க முடியும் என்பதை 1898-இல் நிக்கோலா டெஸ்லா, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டி மெய்ப்பித்தார். எனினும் வால்வுகளால் ஆன பெருங்கருவிகள் மறைந்து டிரான்சிஸ்டர் வந்த பிறகே, அலைவாங்கியைச் சிறு வண்டிக்குள் வைக்க வழி பிறந்தது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரைச் சேர்ந்த எலெட்ரானிக்கா ஜியோகாத்தொலி நிறுவனம் 1966-இல் வெளியிட்ட 1:12 அளவு ஃபெராரி 250 எல்.எம்., விற்பனைக்கு வந்த முன்னோடிக் கார்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் 1:12 அளவுப் போர்ஷே 934 காரையும், 1993-இல் கிங் ஹாலர் என்னும் 1:14 அளவு அமெரிக்க இழுவை லாரியையும் கொண்டுவந்தது. விரைந்து ஓடுவதற்கு மாறாக, மூன்று கியர்களை மாற்றி மெல்ல நகர்ந்து, ட்ரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவதையே இன்பமாகக் கொள்ளும் ஒரு ரசனையை அந்த லாரி உலகெங்கும் பரப்பியது.

1:87 அளவின் வரலாறு வேறு வழியில் வந்தது. அது எச்.ஓ. எனப்படும் மாதிரி ரயிலின் அளவு. ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்ற கணக்கில் பிறந்தது. ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி வைப்பதற்காக விக்கிங், ஹெர்பா போன்ற ஜெர்மானிய நிறுவனங்கள் மிக நுட்பமான பிளாஸ்டிக் வண்டிகளைச் செய்தன. ரயில் ஓடும்போது சாலை மட்டும் உறைந்து கிடப்பதைப் போக்க, ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியைச் சேர்ந்த ஃபாலர் நிறுவனம் 1989-இல் கார் சிஸ்டம் என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் சாலைப் பரப்புக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பி புதைக்கப்பட்டிருக்கும். வண்டியின் முன்னச்சோடு இணைந்த சிறு காந்தம் அக்கம்பியைத் தொடர்ந்து செல்வதால் சக்கரங்கள் தாமே திரும்பும். வண்டி ஓடியது, ஆனால் அதன் வழி முன்பே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கம்பியிலிருந்து வண்டியை விடுவித்து, தான் விரும்பிய திசையில் ஓட்ட வேண்டும் என்ற வேட்கையே 1:87 வானொலி வண்டிகளுக்கு வித்திட்டது.

அளவும் எடையும்

நீளம் 87-இல் ஒரு பங்காகும்போது பரப்பு 87-இன் இருபடியாலும், கன அளவு 87-இன் முப்படியாலும் குறைகின்றன. 16.5 மீட்டர் நீளமும் 2.55 மீட்டர் அகலமும் கொண்ட ஐரோப்பிய ட்ரெய்லர் லாரி 1:87-இல் சுமார் 19 செ.மீ. நீளமும் 29 மி.மீ. அகலமும் உடையதாகிறது. சுமையோடு 40 டன் இருக்கும் அந்த லாரியின் எடையைக் கன அளவு விகிதத்தில் குறைத்தால் சுமார் 61 கிராம் வரும். 1:14-இல் அதுவே ஏறத்தாழ 14.6 கிலோ. லாரியைப் பொறுத்தவரை இந்த எடைக்குள் கருவிகளை அடக்கிவிடலாம். ஆனால் சுமார் 800 கிலோ எடையுள்ள பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் 1:87-இல் 1.2 கிராம் மட்டுமே இருக்க வேண்டும். திசை திருப்பும் சிறு மோட்டாரும் பேட்டரியும் மட்டுமே அதைத் தாண்டிவிடும். எனவே மிகச் சிறிய கார்கள் எல்லாமே தம் அளவுக்கு மீறிய எடையைச் சுமந்தே ஓடுகின்றன.

எடை கூடுவது எப்போதும் கேடு அன்று. இயங்கு சக்கரங்கள் தரையைப் பற்ற வேண்டுமானால் அவற்றின் மேல் போதிய பாரம் அமைய வேண்டும். இதற்காகப் பேட்டரியைப் பின்னச்சின் மேல் வைப்பதும், பித்தளையால் சட்டகம் செய்வதும், ஈயம் அல்லது டங்ஸ்டன் துண்டுகளை ஒட்டுவதும் வழக்கம். மாறாக, மூல வண்டியின் வில்தகடுகளைச் சுருக்கிச் செய்வதால் 1:87-இல் பயன் குறைவு. அவற்றை அமுக்கும் பாரம் அவ்வளவு சிறு வண்டியில் இராது. ஆகவே முன்னச்சை நடுவில் ஒரே முளையில் தாங்கச் செய்து, இருபுறமும் சற்றே சாய விடுகிறார்கள். பின்னச்சின் இரு சக்கரங்களும் இந்த முளையும் சேர்ந்து மூன்று புள்ளித் தாங்கலாக அமைவதால், மேடு பள்ளத்திலும் நான்கு சக்கரங்களும் தரையை விடுவதில்லை. அரை மில்லிமீட்டர் மணல் துகள் இவ்வண்டிக்கு சுமார் 4.4 செ.மீ. அளவுக் கல்லுக்கு ஒப்பாகும் என்பதால், இந்த ஏற்பாடு இன்றியமையாதது.

வேகமும் காலமும்

இத்துறையின் மிக நுட்பமான சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரியை 1:87-இல் காட்ட, மாதிரி விநாடிக்கு சுமார் 25.5 செ.மீ., அதாவது மணிக்கு 0.92 கி.மீ. செல்ல வேண்டும். கண் எதிர்பார்ப்பது இதையே. ஆனால் கப்பல் மாதிரிகளை ஆராய்ந்த 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் நிறுவிய ஒப்புமை விதிப்படி, ஈர்ப்பு விசையின் விளைவுகள் ஒத்திருக்க வேண்டுமானால் வேகத்தை 87-ஆல் வகுக்காமல், 87-இன் வர்க்கமூலமாகிய 9.33-ஆல் வகுக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் மணிக்கு 8.6 கி.மீ. வேகம் கண்ணுக்கு மணிக்கு 750 கி.மீ. போலத் தோன்றும். கண்ணின் கணக்கும் இயற்பியலின் கணக்கும் ஒன்றுபடுவதற்கு வழியே இல்லை. மாதிரி செய்வோர் கண்ணின் பக்கமே நிற்கின்றனர்.

அதன் விளைவு பெரிது. உராய்வுக் கெழு 0.7 உள்ள சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சக்கரங்களை இறுக்கினால் மூல லாரி நிற்க ஏறத்தாழ 36 மீட்டர் தூரம் பிடிக்கும். அதே உராய்வில் மாதிரி வண்டி 5 மி.மீ.க்குள் நின்றுவிடும். அந்த 5 மி.மீ.யை மூல அளவுக்குப் பெருக்கினால் அரை மீட்டர்கூட இல்லை. நாற்பது டன் பாரம் நகர்கிறது என்ற உணர்வு, மெல்லக் கிளம்பி மெல்ல அடங்குவதில்தான் பிறக்கிறது. சிறிய வண்டியில் அந்த நிலைமம் இயற்கையாக அமைவதில்லை என்பதால் அதைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். மோட்டார்த் தண்டில் கனமான சிறு சுழல்சக்கரம் ஒன்றைப் பொருத்துவது பழைய வழி. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் தரும் நிரலை நுண்கட்டுப்பாட்டுச் சில்லில், அதாவது ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியில், எழுதி வைப்பது இன்றைய வழி. ஓட்டுநர் நெம்புகோலைச் சட்டென விட்டாலும் வண்டி சில விநாடிகள் உருண்டே நிற்கும்.

மோட்டாரும் பல்சக்கரமும்

அளவு வேகத்தில் செல்லும்போது மாதிரிச் சக்கரமும் மூலச் சக்கரமும் நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் சுழல்கின்றன. ஒரு மீட்டர் விட்டமுள்ள லாரிச் சக்கரம் 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 424 முறை சுழலும், 11.5 மி.மீ. விட்டமுள்ள அதன் மாதிரியும் அவ்வாறே. ஆனால் விரல் நுனியளவு மோட்டார்கள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகளில்தான் வலுப்பெறுகின்றன. மோட்டார் 17,000 சுற்றில் ஓடுவதாகக் கொண்டால் நாற்பதில் ஒரு பங்காக வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்படுவது வார்ம் கியர்: திருகு வடிவத் தண்டு ஒரு முறை சுற்றும்போது, அதோடு பொருந்திய பல்சக்கரம் ஒரே ஒரு பல் மட்டும் நகரும். இருபது பற்கள் கொண்ட, 4 மி.மீ. விட்டமுள்ள ஒரு பல்சக்கரமும், பாதியாகக் குறைக்கும் இன்னொரு இணையும் சேர்ந்தால் தேவையான விகிதம் கிடைத்துவிடும்.

வார்ம் கியரின் குறை, அது பின்னோக்கிச் சுழலாது என்பது. மோட்டார் நின்றதும் சக்கரமும் பூட்டப்பட்டதுபோல நின்றுவிடும். கைவிரலால் வண்டியைத் தள்ளினால் பற்கள் முறியவும் கூடும். ஆகவே உருண்டு நிற்கும் நடையை விரும்புவோர் நேர்ப்பல் சக்கரங்களையோ, ஒரு மையப் பல்சக்கரத்தைச் சுற்றிப் பல சிறு பல்சக்கரங்கள் சுழலும் கோள்முறைப் பல்சக்கரப் பெட்டியையோ நாடுகின்றனர். 1:14 லாரிகளில் இந்த நெருக்கடி இல்லை. 36 மி.மீ. விட்டமுள்ள 540 வகை மோட்டார், உண்மையான மூவேகக் கியர்ப்பெட்டி, திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் டிஃபரன்ஷியல், செயல்படும் வில்தகடுகள் ஆகியவை மூல வண்டியின் பொறியமைப்பையே பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அங்கே பொறியைச் சுருக்கலாம். இங்கே பொறிக்கு மாற்று காண வேண்டும்.

திசை திருப்பும் அமைப்பு

வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், உட்புறச் சக்கரம் கூடுதலான கோணத்தில் திரும்ப வேண்டும். மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் கியோர்க் லாங்கன்ஷ்பெர்கர் கண்ட இந்த அமைப்புக்கு 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. மிகச் சிறிய மாதிரிகளில் இந்தக் கோண வேறுபாட்டைவிடப் பெரிய பகை இணைப்புகளில் உள்ள ஆட்டம். சக்கரத்தைத் திருப்பும் கரத்தின் நீளம் 3 மி.மீ. என்றும், துளைக்கும் முளைக்கும் இடையே 0.1 மி.மீ. இடைவெளி என்றும் கொண்டால், கோணத்தில் கிட்டத்தட்ட 2 பாகை பிழை நேரும். 41 மி.மீ. அச்சிடை நீளமுள்ள வண்டி அந்தப் பிழையோடு ஒரு மீட்டர் ஓடுவதற்குள் நேர்கோட்டிலிருந்து சுமார் 38 செ.மீ. விலகிவிடும், அந்த அளவில் சாலையின் ஒரு தடமோ 4 செ.மீ. அகலமே. எனவே 1:87 கட்டுமானத்தின் தரம் முன்னச்சில் தெரிந்துவிடும். மெல்லிய எஃகுக் கம்பியால் ஆன இணைப்புத் தண்டு, துல்லியமாகத் துளையிட்ட பித்தளைக் கரங்கள், ஆட்டத்தை ஒருபக்கமாக இழுத்துப் பிடிக்கும் நுண்சுருள்வில் ஆகிய மூன்றும் இதற்கான மருந்துகள்.

முன்னச்சைத் திருப்புவது சர்வோ என்னும் கருவி. மின்துடிப்பின் நீளம் ஒரு மில்லி விநாடியானால் ஒரு கோடிக்கும், இரண்டானால் மறுகோடிக்கும், ஒன்றரையானால் நடுவுக்கும் திரும்பி, அங்கேயே நிற்கும் மோட்டார் அது. ஒன்றரை கிராம் எடையுள்ள சர்வோக்கள் இன்று கிடைக்கின்றன. அதற்கும் இடமில்லாத கார்களில், மின்சாரத்தால் சூடாகும்போது சுருங்கி ஆறும்போது நீளும் நிக்கல்–டைட்டானியக் கலவைக் கம்பியையோ, சுருளும் காந்தமும் சேர்ந்த அமைப்பையோ பயன்படுத்துகிறார்கள்.

அலையும் அலைவாங்கியும்

நீண்ட காலம் இத்துறை 27 மெகாஹெர்ட்ஸ் அலையிலேயே இயங்கியது. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என வண்ணத்தால் குறிக்கப்பட்ட ஆறு அலைவரிசைகளே இருந்தமையால், ஒரே வரிசையில் இருவர் இயக்கினால் வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்தன. ஆனால் 1:87 அளவுக்குத் தடையாக நின்றது அதைவிட அடிப்படையான காரணம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். நல்ல வரவேற்புக்கு அதில் கால் பங்கான 2.8 மீட்டர் நீள ஆன்டெனா ஏற்றது. அதைச் சுருக்கிச் சுருட்டி வைத்தாலும் கைவிரலளவு வண்டியில் மறைக்க இயலாது. அதனால் இடைக்காலத்தில் பலர் தொலைக்காட்சி ரிமோட்டில் உள்ளது போன்ற அகச்சிவப்பு ஒளியை நாடினர். அதன் வாங்கி மிகச் சிறியது. ஆனால் ஒளி நேராகப் படும் இடத்தில்தான் அது வேலை செய்யும். வெயில் அதைக் குழப்பும். சுரங்கப் பாதைக்குள் அது செல்லாது.

2000-களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய 2.4 கிகாஹெர்ட்ஸ் முறை இந்நிலையைத் தலைகீழாக்கியது. அதன் அலைநீளம் 12.5 செ.மீ.; கால் பங்கு 31 மி.மீ. ஆன்டெனா என்பது லாரியின் சட்டகத்துக்குள் அடங்கும் ஒரு துண்டுக் கம்பியாகிவிட்டது. தகவல் பல அலைவரிசைகளில் மாறி மாறிச் செல்வதாலும், ஒவ்வொரு அலைவாங்கியும் தனக்குரிய அலைபரப்பியின் அடையாளத்தை மட்டுமே ஏற்பதாலும், ஒரே அரங்கில் பலர் இடையூறின்றி வண்டி ஓட்ட முடிகிறது. 1:87 வானொலி வண்டி பரவலாக இயன்றது கைத்திறன் திடீரென வளர்ந்ததால் அன்று, அலைநீளம் குறைந்ததால் என்று சொல்வது மிகையாகாது.

மின்கலமும் விளக்கும்

பிற தொழில்கள் தம் தேவைக்காகச் சிறிதாக்கிய பொருள்களே இத்துறைக்கு மூலப்பொருள்களாயின. கைப்பேசியை அதிர வைக்கும் மோட்டார் வண்டியின் எஞ்சினானது. காதில் அணியும் கருவிகளுக்கான லித்தியம் பாலிமர் பேட்டரி அதன் எரிபொருள் தொட்டியானது. ஒரு கலத்தில் 1.2 வோல்ட் தந்த நிக்கல்–காட்மியத்துக்கு மாறாக லித்தியம் பாலிமர் கலம் 3.7 வோல்ட் தருவதால், ஒரே கலம் போதுமானதாகிறது. 100 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள கலம், சராசரியாக 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் வண்டியைக் கணக்குப்படி இரண்டு மணி நேரம் ஓட்டும். 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவதும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்குவதும் இக்கலத்தைக் கெடுக்கும்; தீப்பிடிக்கவும் கூடும் என்பதால், மின்னழுத்தத்தைக் கண்காணித்து வண்டியை நிறுத்தும் ஏற்பாடு தேவை.

விளக்குகளுக்கு ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள எல்.இ.டி.க்கள் பயன்படுகின்றன. முடியைப் போல மெல்லிய எனாமல் பூசிய செம்புக் கம்பியை அவற்றோடு சாலிடர் செய்வதற்கு உருப்பெருக்கியும் பொறுமையும் வேண்டும். முகப்பு விளக்கு, வேகம் குறையும்போது எரியும் பிரேக் விளக்கு, நிமிடத்துக்கு 90 முறை அளவில் சிமிட்டும் திசை விளக்கு ஆகிய அனைத்தையும் அதே நுண்கட்டுப்பாட்டுச் சில்லே இயக்குகிறது. நான்கு முனைகளை மாற்றி மாற்றி இணைத்துப் பன்னிரண்டு எல்.இ.டி.க்களைத் தனித்தனியே எரிய வைக்கும் முறையும் உண்டு.

கட்டும் முறையும் கருத்து வேறுபாடுகளும்

பெரும்பாலான 1:87 வண்டிகள் ஆயத்தப் பிளாஸ்டிக் மாதிரியின் மேலுடலை வைத்துக்கொண்டு, அடியுடலை முழுதும் புதிதாகச் செய்வதால் உருவாகின்றன. முதலில் இயங்கும் சட்டகம், பிறகு திருப்பம், அதன்பின் மின்னணுவியல், இறுதியில் உடல் என்ற வரிசையே பயன் தருகிறது. உள்ளிருக்கைகளை அகற்றிச் சுவர்களை இழைத்து இடம் காண்பதும், ஓட்டுநர் அறையின் கண்ணாடி வழியே கம்பிகள் தெரியாதபடி மறைப்பதும் தனிக் கலைகள். அமிலத்தால் அரித்த பித்தளைத் தகடுகளும், பிசினில் முப்பரிமாண அச்சிட்ட பாகங்களும் முன்னர் ரம்பத்தாலும் அரத்தாலும் நாட்கணக்கில் செய்த வேலையை எளிதாக்கியுள்ளன. 1:76 அளவில் ஆயத்தமாகவே விற்கப்படும் வானொலிக் கார்களின் உள்ளுறுப்புகளைக் கழற்றிப் பயன்படுத்துவோரும் உளர். இது கைத்திறனைக் குறைப்பதாகச் சிலர் வருந்தினாலும், பாகம் எங்கிருந்து வந்தது என்பதைவிட வண்டி எப்படி நகர்கிறது என்பதே அளவுகோலாக வேண்டும்.

மற்றொரு வேறுபாடு தானியக்கம் பற்றியது. 2001-இல் ஹாம்பர்க் நகரில் பிரவுன் சகோதரர்கள் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட் காட்சிச் சாலையில், கம்பி வழி செல்லும் எண்ணற்ற வண்டிகளைக் கணினி ஒழுங்குபடுத்துகிறது. தீயணைப்பு வண்டிகள் அணிவகுத்துச் செல்வதும், கார்கள் சிக்னலில் காத்திருப்பதும் மனிதக் கை படாமலே நிகழ்கின்றன. ஒரு நகரின் போக்குவரத்தைக் காட்ட இதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆயினும் ட்ரெய்லரைப் பின்னோக்கி வளைத்து இரு சுவர்களுக்கு இடையே செருகும் ஓட்டுநரின் திறமை அங்கே இடம்பெறுவதில்லை. டார்ட்முண்ட் நகரில் நடைபெறும் இன்டர்மாடல்பாவ் போன்ற கண்காட்சிகளில் கட்டுமானத் தளங்களும் கிடங்குகளும் அமைத்து வண்டி ஓட்டுவோர் காட்டுவது அந்தத் திறமையையே. ஒன்று நகரத்தின் மாதிரி, மற்றொன்று தொழிலின் மாதிரி. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது.

இத்துறையின் பயன் பொழுதுபோக்கோடு முடிவதில்லை. சூரிச்சின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் 1:43 அளவுக் கார்களைக் கொண்டும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1:10 அளவுக் கார்களைக் கொண்டும் தானோட்ட ஆய்வுகள் நடந்துள்ளன. பெரிய வண்டியில் உயிருக்கு ஆபத்தாகும் சோதனையைச் சிறு வண்டியில் அஞ்சாமல் செய்யலாம் என்பதே அதன் காரணம். எனினும் மேலே கண்ட வேகக் கணக்கு, சிறு வண்டியில் பெற்ற முடிவைப் பெரிய வண்டிக்கு அப்படியே ஏற்ற முடியாது என்பதையும் நினைவூட்டுகிறது.

முடிவுரை

சிற்றளவு வண்டி கட்டுதல் என்பது இயற்பியல் விதிகளோடு செய்துகொள்ளும் உடன்பாடு. 1:14-இல் அந்த உடன்பாடு எளிது. மூலப் பொறியைப் பெரும்பாலும் அப்படியே காக்கலாம். 1:87-இல் நிலைமத்தை நிரலாலும், வில்லை மூன்று புள்ளித் தாங்கலாலும், பாரத்தைப் பித்தளையாலும் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அவ்வாறு ஈடுசெய்யும் அறிவே இத்துறையின் உண்மையான செல்வம். எனவே ஒரு மாதிரியை மதிப்பிடுவோர் அதன் வண்ணப் பூச்சையும் விளக்குகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன், அது மிக மெதுவாகக் கிளம்பி, ஒரு மீட்டர் தூரம் நேராகச் சென்று, அதிராமல் நிற்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோரும் உடலை அழகுபடுத்துவதற்கு முன் வெறும் சட்டகத்தை அந்தச் சோதனையில் தேற வைப்பதே முறை. அதில் தேறிய வண்டியில் மற்றவற்றைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். தேறாத வண்டியை எந்த அலங்காரமும் காப்பாற்றாது.